மாமனார் ஆணியில் ஒரு பறவை

சிவாஜிநகரில் பஸ் கிளம்பக் காத்திருந்தது. முன் இருக்கையில் இருந்த பெண் தன் சிநேகிதியிடம் சொன்னாள்:

"எங்க மாமனார் போட்டோவுக்கு அடிச்ச ஆணியில இப்ப ஒரு பறவை தொங்குது."

அதற்குமேல் நான் பேப்பர் படிப்பதாகப் பாவனைதான் செய்தேன்.

"என்னக்கா சொல்றீங்க?"

"அவருக்கு அறுபது முடிஞ்சதுன்னு சித்ரதுர்கா பக்கம் கோயிலுக்குப் போனோம். வழியில முள்ளுக்காட்டுல காரை நிறுத்தச் சொல்லி, தலைப்பாகையைச் சரி பண்ணிக்கிட்டு போட்டோவுக்கு நின்னாரு. ரோல்ல ஒரு படந்தான் பாக்கி, அவருக்குன்னே வச்சிருந்தேன். அமுக்கப் போறேன், பக்கத்துப் புதர்லேர்ந்து கானமயில் வெளிய வருது! ஆள் இடுப்பு உசரம். கண்ணுல படறதே அபூர்வம், நான் புஸ்தகத்துல மட்டும்தான் பார்த்திருக்கேன். கேமராவை அப்படியே அது பக்கம் திருப்பிட்டேன்."

"அய்யோ! அவரு?"

"அவரு பாட்டுக்கு அசையாம நின்னுக்கிட்டிருந்தாரு, பாவம்."

அந்த நேரம் பார்த்துத்தானா கண்டக்டர் விசில் ஊத வேண்டும்!

"பிரிண்ட் வந்ததும் வாங்கிப் பார்த்தாரு. மறுநாள் அவரே படத்துக்குக் கண்ணாடி போட்டுக் கொண்டாந்து மாட்டினாரு. வர்றவங்க கிட்டெல்லாம் 'என் மருமக எடுத்தா'ன்னு காட்டறாரு."

"ஹௌதா, அப்படியா! அப்ப அவரு போட்டோ?"

"வேற ரோல் வாங்கலாம் மாமான்னேன். 'அந்தப் பறவை மறுபடி வந்து நிக்குமா? என் மூஞ்சி எங்கேம்மா பறந்துடப் போகுது?'ன்னுட்டாரு."