பர்டி என்று கூப்பிட்டபோது

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் நகரமன்றத் தலைவர் திருமதி வெரிட்டி ஹாலம் அவர்களே! கடலோடு மல்லுக்கட்டிக் கரை திரும்பிய பெரியோர்களே! அவர்கள் திரும்பும்வரை கண்ணைக் கடலிலேயே வைத்திருந்த தாய்மார்களே! காலையிலிருந்து லாமிங்டன் கேக்கைத் தேங்காய்த் துருவலில் புரட்டிப் புரட்டிக் கை வெளுத்துப்போயிருக்கும் மகளிர் சங்கத்துச் சகோதரிகளே! தள்ளுவண்டிகளில் படுத்தபடி, இன்று இந்த மேடையில் பெயர் வாசிக்கப்படக் காத்திருக்கும் பதினொரு புதிய குடிமக்களே! உங்கள் அனைவருக்கும் நெரிடா குவில்டியின் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

முப்பத்தோரு ஆண்டுகளாக இந்த ஊர்ப் பிள்ளைகளை எடை போட்ட செவிலி நான். இங்கே முன்வரிசையில் மீசையோடு உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேரை நான் துணியில்லாமல் பார்த்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், டக்ளஸ், உங்களையும் சேர்த்துத்தான்.

தலைவர் அவர்கள் இன்றைய பெயர்ப் பட்டியலை என் கையில் கொடுத்தார். பார்த்தேன். ஆல்ஃபி. மில்லி. டெடி. ஃபிராங்கி. அத்தனையும் செல்லப் பெயர்கள்! வீட்டுக்குள் கொஞ்சுவதற்கு ஒன்று, சான்றிதழுக்கு ஒன்று என்றிருந்த காலம் போய், கொஞ்சும் பெயரே சான்றிதழில் ஏறிவிட்டது. தவறா? தவறென்று சொல்ல நான் வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்க வந்தேன். தொட்டிலில் இனிக்கும் பெயர், தோளில் பாரம் ஏறும் நாளில் தாங்குமா? மடியில் கிடக்கும்போது பொருந்தும் பெயர், மன்றத்தில் நிற்கும்போது பொருந்துமா? நாம் பெயர் வைப்பது ஒரு குழந்தைக்கா? அல்லது, நமக்கு இன்னும் முகம் காட்டாத, எங்கோ தொலைவில் நின்றுகொண்டிருக்கும் ஒரு பெரிய மனுஷிக்கா?

இந்தக் கேள்வி என் மூளையில் முளைத்ததல்ல. ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை நான்கு மணிக்கு என் காதில் விழுந்தது. சம்பந்தப்பட்டவர்களின் அனுமதியோடுதான் சொல்கிறேன்.

ஹெரான் முனையில் கடைசி வீடு. அங்கே டாம்சினும் அவள் கணவர் டெக்லனும் குடியிருக்கிறார்கள். டெக்லன் சிங்கி இறால் பிடிப்பவர். டாம்சினுக்கு அப்போது எட்டாம் மாதம். பெண் குழந்தை என்று தெரிந்துவிட்டது. இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்துபோன பிறகு வந்த பிள்ளை. அதனால் அந்த வீட்டில் எல்லோரும் உரக்கச் சந்தோஷப்படக்கூடப் பயந்தார்கள். நான் ரத்த அழுத்தம் பார்க்கப் போயிருந்தேன். டெக்லனின் அப்பா நெவில், வாசல் படியில் உட்கார்ந்து இறால் கூண்டுக்குக் கயிறு முடிந்துகொண்டிருந்தார். உள்ளே சண்டை. எதற்கு? பெயருக்கு!

டாம்சின் சொன்னாள்: "பர்டி. அவ்வளவுதான். வேற பேரே கிடையாது."

"பெர்னடெட்னு எழுதுவோம். வீட்ல பர்டின்னு கூப்பிட்டுக்கோ, யாரு வேணாங்கிறா?" என்றார் டெக்லன்.

வாசலிலிருந்து நெவில் குரல் கொடுத்தார்: "ஏம்மா, பர்டின்னா குருவிக்குஞ்சு, அப்படியா பேரு வைப்பாங்க? நாளைக்கு அவ ஜட்ஜாயிட்டான்னா? 'கனம் நீதிபதி குருவிக்குஞ்சு அவர்களே'ன்னு வக்கீலெல்லாம் எந்திரிச்சு நிப்பானா? ஜெயிலுக்குப் போறவனே சிரிச்சுக்கிட்டே போவான்!"

"சிரிச்சுக்கிட்டே போகட்டுமே மாமா, உங்களுக்கென்ன வந்துச்சு?"

"சரி, பின்வாசல்ல நின்னு கத்திப் பாரு. வாய்க்கு வருதான்னு தெரிஞ்சிரும்."

நம் ஊரில் யார்தான் அதைச் செய்து பார்க்காமல் பெயர் வைக்கிறார்கள்? சாப்பிடக் கூப்பிடுவதுபோலப் பின்வாசலில் நின்று கத்த வேண்டும். தொண்டையில் சிக்காமல் போனால் நல்ல பெயர். டாம்சின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நானும் கூடப் போனேன். கடலிலிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. வேலிக்குக் கீழே புதர்க்காடு. அதற்கும் கீழே பாறை. பாறைக்கு அப்பால் தென்துருவம் வரை தண்ணீர்.

டாம்சின் கூப்பிட்டாள். "பர்டீ...! டீ ஆறிப்போகுது, வாடீ!"

அன்பர்களே, பதில் வந்தது.

புதருக்குள்ளிருந்து. ஒரு பெண் குரல். சிறுமியின் குரல் அல்ல. நாற்பது, ஐம்பது வயதிருக்கும். கொஞ்சம் கம்மிய குரல். செய்துகொண்டிருந்த வேலையிலிருந்து தலை நிமிர்த்திச் சொல்வதுபோல, மிகச் சாதாரணமாக:

"வரேன்."

பின்வரிசையில் யாரோ 'காற்று' என்கிறார். ஐயா, நானும் அதைத்தான் சொல்லிக்கொள்ள விரும்பினேன். ஆனால் அன்று காற்றே இல்லை. கொடியில் போட்ட துணி அசையவில்லை. டெக்லன் வேலியைத் தாண்டி இறங்கி ஓடினார். கால்மணி நேரம் தேடினார். முழங்கால்வரை நனைந்து திரும்பினார். "யாருமில்ல. மண்ணு ஈரமா கிடக்கு, என் கால் தடத்தைத் தவிர வேற தடமே இல்ல" என்றார்.

"வேற பேரைக் கூப்பிடு" என்றார், அதற்குள் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றிருந்த நெவில். கயிறு கையிலேயே இருந்தது, முடிச்சு நின்றுபோயிருந்தது.

டாம்சின் கூப்பிட்டாள். "பெர்னடெட்!" அலை ஓசை. "ரோஸ்மேரி!" அலை ஓசை. "மார்கரெட்!" ஒன்றுமில்லை. அவள் ஒருகணம் கண்ணை மூடிக்கொண்டு, மறுபடியும், இம்முறை மெதுவாகத்தான் சொன்னாள்: "பர்டி?"

"வரேன்னு சொன்னேனே!"

சலித்துக்கொண்ட குரல். முன்னைவிடக் கிட்டத்தில். வேலிக்குப் பக்கத்தில்!

என் கையிலிருந்த கருவி கீழே விழுந்தது. டெக்லன் மனைவியை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

அடுத்த ஒரு வாரம் நெவில் ஊரெல்லாம் விசாரித்தார். அந்தப் பெயரில் யாராவது மூழ்கிப்போனார்களா? கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொரு கல்லாகப் படித்தார். இந்தக் கரையில் அந்தப் பெயரில் வாழ்ந்தவரும் இல்லை, மாண்டவரும் இல்லை. செத்தவள் என்று தெரிந்திருந்தால்கூட ஒரு மலர்வளையம் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்போம். இவள் யார் என்று எதை வைத்துச் சொல்வது?

டெக்லன் ஒரே பிடியாக நின்றார். "அந்தப் பேரை இனி இந்த வீட்ல யாரும் எடுக்கக் கூடாது. என்னத்தையோ கூப்பிட்டுட்டோம்."

டாம்சின் வாதாடவில்லை. ஆனால் என்னிடம் தனியாகச் சொன்னாள்: "சிஸ்டர், எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா அந்தக் குரலைக் கவனிச்சீங்களா? அதுல கெட்ட எண்ணமே இல்ல. வேலையப் பாதியில விட்டுட்டு வர்ற பொம்பளையோட குரல் அது."

மூன்று வாரம் முன்னதாகவே வலி கண்டது. மாவட்ட மருத்துவமனையில், நானும் பக்கத்தில் இருக்க, காலை பதினொரு மணிக்குக் குழந்தை பிறந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. நீலம் பாரித்த உடம்பு. அழவில்லை. அசையவில்லை. தாய்மார்களே, அந்த அறையின் அமைதி எப்படியிருக்கும் என்று உங்களில் சிலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு அது என்றும் தெரியாமலே போகட்டும். மருத்துவர் தேய்த்தார், ஊதினார், இரண்டு விரலால் நெஞ்சை அழுத்தினார். சுவர்க் கடிகாரத்தை நான் பார்த்தேன். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

டாம்சின் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். டெக்லன் அவள் வாயைப் பார்த்தார். என்ன சொல்லப்போகிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தடுக்கக் கையைத் தூக்கினார். தூக்கிய கையைத் தானே கீழே போட்டார்.

"பர்டீ!" என்று கத்தினாள் அந்தத் தாய். "எங்கடீ இருக்க? வாடீ!"

நடைவழியில் காலடி ஓசை கேட்டது. அவசரமான காலடி. ஈரச் செருப்பின் ஓசை. மருத்துவர்கூடத் தலையைத் திருப்பி, "யாரும் உள்ள வராதீங்க!" என்று அதட்டினார். ஓசை வாசலில் நிற்கவில்லை. கட்டிலைச் சுற்றிக்கொண்டு மேசைவரை வந்தது. வந்தவர் யாருமில்லை. மேசைமேல் கிடந்த பிஞ்சு, விக்கி, இருமி, வீறிட்டு அழுதது!

கைதட்டாதீர்கள். தயவுசெய்து. நான் இன்னும் முடிக்கவில்லை.

பெயர்ப் படிவம் மூன்று நாள் நிரப்பாமல் கிடந்தது. டெக்லனின் பேனா அதன் பக்கமே போகவில்லை. "உள்ள வந்தது யாருன்னு தெரியாம எப்படி எழுதுறது டாம்சின்? இது நம்ம பிள்ளையா, இல்ல வேற யாரோவா?"

பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி அவள் சொன்னாள்: "எல்லாப் பிள்ளையும் வேற யாரோதான் டெக்லன். யாருன்னு தெரிய நாற்பது வருஷம் ஆகும். இவளைப் பத்தி நமக்கு ஒண்ணு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. கூப்பிட்டா வர்றவ."

அவர் எழுதினார். முழுப் பெயராகவே எழுதினார். பர்டி.

ஊரே, உறவே, இளம் பெற்றோரே! இதைத்தான் சொல்ல வந்தேன். பெயர் சின்னதா பெரியதா என்பதல்ல பேச்சு. கொஞ்சலா கம்பீரமா என்பதல்ல பேச்சு. நீங்கள் கூப்பிடும்போது, அவர்கள் வாழ்வின் கடைசிவரை கேட்கும்படி கூப்பிடுகிறீர்களா? ஐம்பது வயதில், அலுத்துப்போன ஒரு மாலையில், தலை நரைத்த ஒருத்தி அந்தப் பெயர் கேட்டு நாணாமல் நிமிர்வாளா? நிமிர்வாளென்றால் வையுங்கள், அது குருவியானாலும்! நிமிரமாட்டாளென்றால் விடுங்கள், அது மகாராணியின் பெயரானாலும்! விளையாட்டாகக் கூப்பிடாதீர்கள். அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது.

பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நானும் இருந்தேன். அத்தனை கேலி பேசிய நெவில், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். பிள்ளையை அவர் கையில் கொடுத்தேன். அவள் அழவில்லை. ஒரு கொட்டாவி விட்டாள். நாள் முழுக்க நடந்து வந்தவர்கள் விடுவார்களே, அப்படியொரு கொட்டாவி. பிறகு கண்ணைத் திறந்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள். எழுபத்திரண்டு வயது மனிதர் குரலைத் தாழ்த்தி, அந்த ஆறு நாள் பிள்ளையிடம் சொன்னார்:

"வாங்கம்மா. ரொம்ப தூரமா?"

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பேச இடம் தந்த தலைவர் அவர்களுக்கும், நான் பேசி முடிக்கும்வரை தூங்கிய, தூங்காத அத்தனை மழலைகளுக்கும் என் நன்றி. நல்ல பெயரோடு நெடுநாள் வாழுங்கள். வணக்கம்.