சுவரில் செத்துப்போனவள்

அக்கா: செத்துட்டேனா? நான் எப்படா செத்தேன்?

தம்பி: அக்கா, கத்தாத. பக்கத்து ரூம்ல ஆளுங்க இருக்காங்க.

அக்கா: இருக்கட்டுமே. செத்தவ பேசினா கூட்டம் இன்னும் சேரும், இந்த மியூசியத்து கைடு உனக்கு நல்லதுதானே? அந்த போர்டைப் படி. சத்தமா.

தம்பி: இப்ப எதுக்குக்கா அது?

அக்கா: படிடா. தினம் பத்து வாட்டி ஒப்பிக்கறவன்தானே?

தம்பி: "இச்சுவரில் காணப்படும் கோடுகள், இந்த மிஷன் பங்களாவில் வாழ்ந்த பாதிரியாருடைய குழந்தைகளின் உயரத்தைக் குறிப்பவை. மூத்த மகன் வளர்ந்து தூரதேசங்களில் ஊழியம் செய்தார். இளைய மகளின் கோடு நாலரை அடியில் நின்றுவிடுகிறது. பத்தாவது வயதில் அவள் காய்ச்சலில்..."

அக்கா: காய்ச்சலில்?

தம்பி: "...இறைவனடி சேர்ந்தாள்."

அக்கா: நாலரை அடிதாண்டா நான் வளந்ததே! அது என் இருபதாவது வயசுக் கோடு! கட்டையாப் பொறந்தது ஒரு குத்தம்னு பத்து வயசுல சாகடிச்சுட்டீங்களே! நீ மட்டும் தூரதேசத்துல ஊழியமாக்கும். பத்தாவதைத் தாண்ட மூணு வருஷம் பிடிச்சவன்.

தம்பி மனைவி: அண்ணி, தண்ணி குடிக்கறீங்களா?

அக்கா: வாம்மா. டிக்கெட் கவுண்டரை யாரு பாக்கறது?

தம்பி மனைவி: பூட்டிட்டு வந்தேன். இங்க இவ்ளோ நடக்கும்போது அங்க எப்படி உக்காந்திருக்கறது?

அக்கா: பாதிரியாரு குழந்தைங்களாம்! அவருக்கு ஏதுடா குழந்தை? 'ஆண்டவர் எங்களுக்கு ஒரு பிள்ளையும் தரவில்லை'ன்னு அவரே எழுதின கடிதம், அடுத்த ரூம்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடக்கு. அடியில நம்ம பாஷையில அர்த்தம்கூடப் போட்டிருக்கு.

தம்பி: அவ்ளோ சின்ன எழுத்தை யாருக்கா குனிஞ்சு படிக்கறா?

அக்கா: நான் படிச்சேன். எனக்குக் குனிய வேண்டிய அவசியமில்லையே. பாதிரியாரு கப்பலேறிப் போனப்புறம் இந்த பங்களாவுல முப்பது வருஷம் இருந்தது யாரு? காவக்காரன் குடும்பம். நம்ம குடும்பம். அந்த ஜன்னலுக்குக் கீழ ராத்திரியானா நீ ஒண்ணுக்குப் போவ. அதைக் கயிறு கட்டி 'தியான மூலை'ன்னு எழுதி வெச்சிருக்கீங்க.

தம்பி மனைவி: அய்யோ, அந்த மூலையா? நேத்துகூட ஒரு அம்மா அங்க முட்டி போட்டாங்களே!

தம்பி: மெதுவா பேசுங்க ரெண்டு பேரும்! நாம உள்ள குடியிருந்தது ஆபீசுக்கே தெரியாது. நமக்குக் குடுத்தது பின்னாடி இருக்கற ஓட்டு ரூம்தான். திங்கட்கிழமை டைரக்டர் வராரு, என் வேலையை நிரந்தரம் பண்ண. இந்தக் கோட்டைப் பாக்கத்தான்கா கூட்டமே வருது...

அக்கா: உன் வேலை நிலைக்கணும்னா நான் போய்ச் சேரணுமா? போன வாரம் என் பொண்ணு பள்ளிக்கூடத்துப் பசங்களோட இங்க வந்துச்சு. வீட்டுக்கு வந்து சோத்துல கை வெக்கல. 'பாவம்மா அந்தப் பொண்ணு, என் வயசுதான், கோட்டுக்குக் கீழ பூ வெச்சுட்டு வந்தேன்'ங்குது. பெத்தவளுக்கே பூ வெச்சுட்டு வந்திருக்குடா!

தம்பி: பாப்பாவா? எனக்கு அடையாளமே...

அக்கா: ஒருநாளாவது வந்து பாத்திருந்தாத்தானே தெரியும்? கதை சொல்லிட்டு நீ கண்ணைத் துடைச்சுக்கிட்டியாமே?

தம்பி மனைவி: தினமும் துடைப்பாரு அண்ணி. கர்ச்சீப்பைத் துவைக்கறது நான்தான். ஈரமே இருக்காது.

தம்பி: நீ கவுண்டருக்குப் போறியா இல்லையா?

அக்கா: நீ நகரு.

தம்பி: என்னக்கா அது கையில?

அக்கா: திருப்புளி. போர்டுல நாலு திருகு. அஞ்சு நிமிஷ வேலை.

தம்பி: வேணாம்கா... ஆபீசர்தான் எழுதினாரு. சத்தியமா.

அக்கா: ஆபீசருக்கு யாரு சொன்னது? காய்ச்சல்னு கனவா கண்டாரு?

தம்பி: அக்கா, கழட்டாத!

அக்கா: ஒண்ணு கழண்டாச்சு.

தம்பி: நான்தான் சொன்னேன்! போதுமா? நான்தான்.

அக்கா: ரெண்டு.

தம்பி மனைவி: செய்யாத தப்பை எதுக்குங்க தலையில போட்டுக்கறீங்க? அண்ணி, இவரு சொல்லல. மாமாதான்...

தம்பி: வாயை மூடுடி!

அக்கா: யாரு? வாசல்ல உக்காந்து டிக்கெட் கிழிக்கறாரே, அந்த மாமாவா? எங்கப்பனா?

தம்பி: விடுக்கா, அவரு வயசானவரு.

அக்கா: சொல்லுடா.

தம்பி: நீ கொத்தனாரோட போன மறுநாளே அப்பா இந்தச் சுவரு பூரா வெள்ளையடிச்சு மறைச்சுட்டாரு. மூணு வருஷம் முன்னாடி பழுது பாக்கறப்போ வெள்ளையைச் சுரண்டினாங்க. கோடுங்க வெளிய வந்துச்சு. ஆபீசரு குதிக்கறாரு, 'குழந்தைங்க கோடு, குழந்தைங்க கோடு'ன்னு. இந்தக் குட்டைக் கோடு யாருதுன்னு அப்பாவைக் கேட்டாரு. அப்பா... 'அது செத்துப்போன பொண்ணோடது, காய்ச்சல்'னு சொல்லிட்டு வெளிய போயிட்டாரு. உனக்குத் தெரியவே கூடாதுன்னுதான்கா நான்...

அக்கா: தெரியும்டா. ஏணியில நின்னு சுரண்டினது உன் மச்சான்.

தம்பி: மூஞ்சில துணி கட்டிக்கிட்டு ஒருத்தர்... அவரா?

அக்கா: அவருதான். கோட்டைப் பாத்ததும் சுரண்டற கரண்டியைக் கீழ வெச்சுட்டு, விரலாலயே தேச்சுத் தேச்சு வெளிய எடுத்தாரு. அப்பா அவரு கண்ணைப் பாத்துக்கிட்டேதான் என்னைச் சாகடிச்சாரு. அதை நீ என்கிட்ட ஒத்துக்கறியான்னு பாக்கத்தான் வந்தேன். இந்தா திருகு, நீயே மாட்டிக்க, வேலை நிரந்தரமாகட்டும். நாளைக்கு நாங்க மூணு பேரும் ஊரை விட்டுப் போறோம். அவருக்கு வேற ஊர்ல இதே மாதிரி ஒரு பழைய பங்களா, சுரண்டற வேலை. என் பொண்ணு இப்போ வாசல்லதான் நிக்குது. டிக்கெட் கிழிக்கற தாத்தாகிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னேன், இந்நேரம் சொல்லியிருக்கும்... 'அந்தப் பொண்ணு சாகல தாத்தா, கொத்தனாரைக் கட்டிக்கிட்டா, நாளைக்கு ஊரை விட்டுப் போறா. நான் அவ பொண்ணு.'