சின்னதோ பெரிசோ

லண்டனில் தோர்ண்டன் ஹீத்திலிருந்து குரொய்டன் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர் இருந்தார்கள். மூத்தவர் ஒரு தமிழ்க் கடையில் வேலை செய்பவர் என்பது பேச்சில் தெரிந்தது.

“பிள்ளைக்குக் கத்தி குடுக்க முதல் தாய்க்குப் போன் அடிச்சன். அதாலை தப்பினன்,” என்றார் அவர்.

“என்னண்ணை சொல்லுறியள்?” என்றார் இளையவர்.

“பள்ளிக்கூடப் பிள்ளை ஒண்டு வந்து சமையல் கத்தி கேட்டுது. பதினெட்டு வயசுக்குக் கீழை விக்கக்கூடாதெண்டு எனக்குத் தெரியாதோ? ஆனா தெரிஞ்ச முகமாக் கிடந்துது. ஆற்றை பிள்ளை எண்டு கேட்டன். எங்கட யோகாக்காவின்ர மகள். அக்காதான் அனுப்பியிருப்பா எண்டு நினைச்சு, சின்னதோ பெரிசோ வேணுமெண்டு கேக்க அடிச்சன்.”

“பிறகு?”

“‘ஐயோ தம்பி, குடுத்திடாதை! அவள் கவுன்சில் ஆக்களோடை, பிள்ளையளுக்குக் கத்தி விக்கினமோ எண்டு கடையளைச் சோதிக்க வந்தவள்’ எண்டு அக்கா குளறுறா. கத்தியைத் திருப்பி வைச்சிட்டு, வாசலிலை நிண்ட கவுன்சில்காரிக்கும் கேக்கிற மாதிரி இங்கிலீசிலை ஐடி கேட்டன். இல்லையெண்டாள். கவுன்சில்காரி உள்ளை வந்து எனக்குக் கை குடுத்தா. வித்திருந்தா வழக்குப் போட்டுக் கோட்டிலை நிண்டிருப்பன்.”

இளையவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கேட்டார்:

“அண்ணை, அக்கா போனை எடுக்காமல் விட்டிருந்தா?”



“பெரிசைக் குடுத்திருப்பன்,” என்றார் மூத்தவர்.