வாசல் மண்ணுதான்

தம்பி: டேப்பைச் சுருட்டி வை, அக்கா. அளக்கறதுக்கு இங்க ஒண்ணுமில்ல. வாசல் முழுக்க மண்ணு.

அக்கா: நகராட்சி வேலையா வந்திருக்கேன். அக்கான்னு கூப்பிடாத.

தம்பி: சரிங்க மேடம். மேடம் காபி குடிப்பீங்களா?

அக்கா: சர்க்கரை கம்மியா. ஏன்டா, போன மாசம் வரைக்கும் இது சிமெண்டுத் தரைதானே?

தம்பி: பேத்து எடுத்தாச்சு.

அக்கா: எப்போ?

தம்பி: உங்க நோட்டீசு வந்த... அதுக்கும் முன்னாடியே.

அக்கா: நோட்டீசைப் படிச்சியா?

தம்பி: படிக்காம? வானத்துலேர்ந்து விழற தண்ணிக்குக் காசு கேக்கறீங்க. நாளைக்கு மூக்குல மீட்டர் மாட்டுவீங்க.

அக்கா: மழைக்கு இல்ல. உன் வாசல்ல விழுந்து, உள்ள இறங்க வழியில்லாம தெருவுக்கு ஓடி வருதே, அந்தத் தண்ணிக்கு. அதை வாங்கிக்க ஒரு கால்வாய் வெட்டணும். சிமெண்டு எத்தனை சதுர அடியோ அத்தனைக்குக் கட்டணம். மண்ணுன்னா ஒண்ணும் கிடையாது.

தம்பி: அதான் மண்ணுங்கறேனே.

அக்கா: அந்தக் கம்பியை எடு.

தம்பி: எதுக்கு?

அக்கா: குத்திப் பாக்க.

தம்பி: மெதுவா... ஐயோ மெதுவாக்கா... இப்பத்தான் செடி வெச்சேன்...

அக்கா: டக்குங்குது.

தம்பி: கல்லு. மண்ணுன்னா கல்லு இருக்காதா?

அக்கா: இங்கயும் டக்கு.

தம்பி: அதே கல்லுதான். கொஞ்சம் பெரிய கல்லு.

அக்கா: கேட்லேர்ந்து படி வரைக்கும் ஒரே கல்லா?

தம்பி: பாறைன்னு வெச்சுக்கோயேன்.

அக்கா: பாறைக்கு ஓரம் பூசியிருக்காங்களே. கொத்தனார் கரண்டி இழுத்த தடம்கூட இருக்கு.

தம்பி: எவனாவது பாறையில கரண்டியைத் தீட்டியிருப்பான்.

அக்கா: முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறவங்களைப் பாத்திருக்கேன். நீ சோத்தையும் கஞ்சத்தனமாப் போட்டிருக்கியேடா. நாலு விரல் ஆழம்கூட இல்ல.

தம்பி: ஒரு லோடு மண்ணு என்ன விலை விக்குது, தெரியுமா?

அக்கா: கட்டணத்தைவிட ஜாஸ்தியா?

தம்பி: கொஞ்சம்... ஆனா அது நானா செலவழிச்சது. நீங்க பிடுங்கினது இல்ல. அதுவுமில்லாம, மேட்டுல இருக்கறவன் எதுக்குக் கட்டணும்? நான் ஒருத்தன் கட்டலைன்னா கால்வாய் நின்னுடவா போகுது?

அக்கா: பள்ளத்துல இருந்தது நான்டா. போன மழையில கட்டில் வரைக்கும் தண்ணி. உன் வீட்டுச் செருப்பு என் சமையல்கட்டுல வந்து நின்னுச்சு. கழுவிக் கொண்டுவந்து கொடுத்தேன்.

தம்பி: இடதுகால் வந்துச்சு. வலதுகால் இன்னும் வரலை.

அக்கா: சிரிக்காத. பாப்பாவோட பரீட்சை நோட்டெல்லாம் ஊறிப்போய்... அன்னிக்கு உக்காந்து அழுதேன். உன்கிட்ட சொல்லலை.

தம்பி: சொல்லியிருக்கலாமில்ல?

அக்கா: சொன்னா என்ன பண்ணியிருப்ப?

தம்பி: வருத்தப்பட்டிருப்பேன்.

அக்கா: ம். சரி விடு. மண் தரைன்னே எழுதிட்டேன்.

தம்பி: எழுதிட்டியா! அக்கான்னா அக்காதான். இரு, இன்னொரு காபி போடறேன்.

அக்கா: எனக்கென்ன வந்துச்சு? நான்தான் வீட்டை வித்துட்டேனே.

தம்பி: ...வித்துட்டியா?

அக்கா: போன வாரம் பத்திரம் முடிஞ்சுது. தெரியாதா?

தம்பி: எனக்கு எப்படித் தெரியும்? யாருக்கு... யாருக்கு வித்த?

அக்கா: யாரோ வெளியூர்க்காரனாம். மூஞ்சியே காட்டலை. எல்லாம் புரோக்கர்தான் பேசினான், பத்திரமும் அவன் பேர்லதான். தண்ணி ஏறுற வீடுன்னு சொல்லி விலையைக் கொறைச்சான். கொடுத்துத் தொலைச்சேன்.

தம்பி: கால்வாய் வந்ததும் விலை ஏறும்னு கணக்குப் போட்டிருப்பான்.

அக்கா: போட்டிருப்பான், பாவம். கால்வாய் இங்க வராதுன்னு அவனுக்கு யார் சொல்லப் போறா?

தம்பி: வராதா? ஏன் வராது?

அக்கா: நோட்டீசு பின்பக்கம் போட்டிருந்துச்சே. தெருவுல நாப்பது வீடு. இருபத்தொரு வீடு கட்டணத்துக்குக் கையெழுத்துப் போட்டாத்தான் கால்வாய். இல்லேன்னா அடுத்த தெருவுக்குப் போயிடும். இன்னிக்கு சாயங்காலத்தோட சரி.

தம்பி: எத்தனை பேர் போட்டிருக்காங்க?

அக்கா: இருபது. விக்கறதுக்கு முன்னாடி நான் போட்டதையும் சேத்து.

தம்பி: மிச்ச வீடு?

அக்கா: அங்கயும் திடீர்னு தோட்டம் முளைச்சிருக்கு. உன்னுதுதான் கடைசி வீடு.

தம்பி: அப்போ இருபத்தொண்ணாவது... என்னுதா?

அக்கா: காபி எங்கடா?

தம்பி: அக்கா... பேனாவுல எழுதினியா, பென்சில்லயா?

அக்கா: ஏன்?

தம்பி: இல்ல... பாறைன்னு நெனைச்சேன். சிமெண்டா இருக்குமோன்னு ஒரு சந்தேகம்.

அக்கா: மண்ணுன்னியே.

தம்பி: மேல மண்ணு. அடியில சிமெண்டு. ஆயிரத்து இருநூறு சதுர அடி. எழுதிக்கோ. பின்கட்டையும் சேத்துக்கோ, அங்க முன்னூறு.

அக்கா: திடீர்னு என்ன, ஊர் மேல அக்கறை?

தம்பி: கீழ இருக்கறவங்களும் மனுஷங்கதானே. அந்த வெளியூர்க்காரன் குடும்பம் குட்டியோட வருவான்... மழைக்கு மழை வாளியைத் தூக்கிட்டு நிப்பானா?

அக்கா: நான் இன்னும் எதையும் எழுதலைடா. பாரு, படிவம் காலியாத்தான் இருக்கு. இங்க கையெழுத்துப் போடு.

தம்பி: அப்போ... அந்த வீட்டை வாங்கினது நான்தான்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?

அக்கா: அவ்வளவு அடிமாட்டு விலைக்குக் கேக்க வெளியாளுக்கு மனசு வராதுடா. கூடப்பொறந்தவனாலதான் முடியும்.