ஆகாததை ஆகாது என்று சொன்ன ஆனந்தமேரி அம்மையாருக்கு

சங்கராபுரம் வட்டார மரவள்ளி உழவர் நிறுவனத்தில் உறுப்பினர் தொடர்பு அலுவலராய் அமர்ந்து, அன்பால் அனைவரையும் ஆண்டு, இன்று பணி நிறைவு பெறும் பண்பின் பெட்டகமே! கோபத்தோடு வந்தவரைக் குறுநகையோடு அனுப்பிய குணக்குன்றே! கணினிக்கும் கழனிக்கும் நடுவே கால் வலிக்க நடந்த எங்கள் ஆனந்தமேரி அம்மையீர், வணக்கம்.

மென்பொருள் பிரிவு என்று வாசலில் பலகை பெரிதாய்த் தொங்கினாலும், உள்ளே இருப்பது ரம்யா, சரத்குமார், லாரன்ஸ் என்னும் நாங்கள் மூவரே. கல்வராயன் மலையடிவாரம் முதல் களமருதூர் வரை உள்ள உறுப்பினர்களோ ஆளுக்கொரு வசதி கேட்பார்கள். 'பார்க்கலாம்' என்று சொல்லித் தப்பிப்பது எங்கள் வழக்கம். அதை 'வந்துவிடும்' என்று எடுத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். நீங்களோ கேட்டவரை உட்காரவைத்து, தேநீர் தந்து, "இது வேணும்னா எதைத் தள்ளி வைக்கலாம், நீங்களே சொல்லுங்க" என்பீர்கள். பாதிப்பேர் தாங்கள் கேட்டதையே தள்ளி வைத்துவிட்டுப் போவார்கள்.

அந்தத் திங்கட்கிழமையை எப்படி மறப்போம்? யார் எந்த நாளில் நம் நிறுவனத்துக்குக் கிழங்கு கொண்டுவர வேண்டும் என்ற முறையைக் கைப்பேசியில் காட்டும் செயலியை அப்போதுதான் தொடங்கியிருந்தோம். உறுப்பினர் கூட்டத்தில் மாதிரித் திரை ஒன்றைக் காட்டினோம். அழகாய் இருக்கட்டுமே என்று அதில் உறுப்பினர்களின் நிஜப் பெயர்களைப் போட்டு, நாள்களை மட்டும் மனம்போல் நிரப்பியிருந்தோம். தம் பெயருக்கு நேரே திங்கள் என்று கண்ட ரிஷிவந்தியம் ஆதிமூலம் ஐயா, ஆள் வைத்துக் கிழங்கு முழுவதையும் பிடுங்கி, டிராக்டரோடு வந்து நின்றார். அன்று அவருக்கு முறை இல்லை. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட்டுப்போகும். அது அவருடைய ஓராண்டுப் பாடு.

"எம் பேரைப் போட்டு திங்கக்கெழமன்னு காட்டுனீங்களே. புடுங்கிட்டேங்க. இப்ப இன்னா பண்றது?" என்று அவர் கேட்டபோது, நாங்கள் மூவரும் கணினிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம். எழுந்து போனது நீங்கள். "தப்பு எங்க மேலதாங்க. வண்டியை நெழல்ல நிறுத்துங்க" என்றீர்கள். மாதிரித் திரை, மென்பொருள் என்று ஒரு சமாதானமும் சொல்லவில்லை. அன்று முறையிருந்தும் ஆள் கிடைக்காமல் பிடுங்காதிருந்த களமருதூர் பச்சையம்மாளைத் தொலைபேசியில் பிடித்தீர்கள். "எங் கெழங்கு மண்ணுக்குள்ளதான கீது. அவரு மொதல்ல போட்டும்" என்றார் அந்த அம்மாள். ஆதிமூலம் ஐயாவின் கிழங்கு பிழைத்தது.

எங்கள் வேலை பிழைக்குமா என்பதுதான் தெரியவில்லை. மறுநாள் கூட்டத்தில் தலைவர் நாராயணசாமி ஐயா, உறுப்பினர் கேட்ட வசதியெல்லாம் தைக்குள் முடியுமா, இல்லை வெளியாரிடம் கொடுத்துவிட்டு இந்த மூவரையும் அனுப்பிவிடலாமா என்றார். நீங்கள் ஒரு பொய் சொன்னால் பிழைத்துக்கொள்வோம் என்று உங்கள் முகத்தையே பார்த்தோம். "முடியாதுங்க. தைக்கு முறை மட்டும் வரும். மத்ததெல்லாம் அடுத்த வருசம். எல்லாம் முடியும்னு வேற யாராவது சொன்னா, அதை உறுப்பினருங்க கிட்ட நான் போய்ச் சொல்ல மாட்டேன்" என்றீர்கள். பின்வரிசையிலிருந்து பேசியவர் ஆதிமூலம் ஐயா: "அந்தம்மா சொன்னா சொன்னதுதாங்க. தை வரைக்கும் பாப்போம்." தை பிறந்தது, முறை மட்டும் வந்தது, ஒருவர் கிழங்கும் வீணாகவில்லை.

அதன்பின் மாதிரித் திரையில் மனிதர் பெயரே கூடாது என்று ஆணையிட்டீர்கள். இன்றும் அதில் மைனாவுக்குச் செவ்வாய், கொக்குக்குப் புதன். கொக்கு எத்தனை ஏக்கர் போட்டிருக்கிறது என்று கூட்டத்தில் கேலி செய்கிறார்கள். ஆனால் அதைப் பார்த்து எவரும் மண்வெட்டி எடுப்பதில்லை.

அலங்காரமின்றியே சொல்கிறோம் அம்மையீர், நீங்கள் இல்லாத அலுவலகத்தை நினைத்தால் பயமாய் இருக்கிறது. போன வாரம் தலைவர், விலை காட்டும் வசதி அடுத்த மாதமே வருமா என்றபோது, மூவரும் உங்கள் பக்கம் திரும்பினோம். நீங்கள் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தீர்கள். கடைசியில் எங்களில் ரம்யாதான் எழுந்து, "வராதுங்க" என்றார். தலைவர் சரி என்று தலையாட்டினார்.

எவர் கோபத்துக்கும் எழுந்து போகத் தேவையில்லாத காலைகளும், கணவர் லூர்துராஜ் ஐயாவோடு ஆற அமர உண்ணும் பகல்களும், நோயறியா நெடிய வாழ்வும் உங்களுக்கு நிறைவாய் வாய்க்கட்டும். எங்களிடம் இல்லாததை இருப்பதாக உறுப்பினரிடம் ஒருநாளும் சொல்ல மாட்டோம் என்று உறுதி கூறுகிறோம். ஓய்வு பெற்றவரைத் தொலைபேசியில் அழைத்துத் தொல்லை செய்ய மாட்டோம் என்றும் இம்மடலில் எழுதச் சொன்னார் தலைவர். அது எங்களால் ஆகாது.

என்றும் அன்புடன்,
மென்பொருள் பிரிவினரும் அலுவலகத் தோழர்களும்
சங்கராபுரம்