கடிகாரக்காரருக்கு ஒரு தட்டு சிக்கன்

அட, பேட்டரி தலைகீழா இருந்துச்சு, அவ்வளவுதான்னு சொல்லிட்டு உடனே பையத் தூக்கினா எப்படி சார்? உக்காருங்க. மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க, லிஃப்ட் வேற ரெண்டு வாரமா வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது. ஒரு வாய் கூட சாப்பிட வைக்காம உங்கள அனுப்பினேன்னு அம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன உண்டு இல்லன்னு ஆக்கிடுவாங்க.

ஐயோ, அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் குட்டை. இந்தப் பக்கம், துணி வெட்டற மேசைகிட்ட வாங்க. உக்காரும்போது மட்டும் ஊசி கீசி கிடக்கான்னு பாத்துக்கோங்க. தையல்காரி வீட்ல எங்க கை வச்சாலும் குத்தும்.

அம்மாவா? கடையிலதான் இருக்காங்க. அஞ்சரைக்கு வந்துடுவாங்க. இப்ப நாலரை கூட ஆகல. என்னத்துக்கு அப்படிப் பாக்கறீங்க? மணி நான் சொல்லணுமா உங்களுக்கு, கையில ஒண்ணு, சுவத்துல ஒண்ணு, பையில பத்து வச்சிருக்கீங்க.

நீங்க பாட்டுக்கு சும்மா இருங்க, பேசணும்னு அவசியமில்ல. எனக்குப் பழக்கந்தான். ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுக்கறேன்ல, காலையிலேர்ந்து அசையாதீங்க, மூச்ச இழுங்க, அப்படியே பிடிங்க, பேசாதீங்க, இதேதான். எதிர்ல இருக்கற ஆளு வாயே திறக்காது. அதான் வீட்டுக்கு வந்தா எனக்கு வாய் மூடறதில்ல.

இதோ, சிக்கன் வெட்டியே வச்சிட்டேன். தொடைக் கறி, எலும்பு எடுத்தது. நெஞ்சுக் கறின்னா வறண்டு போய் சக்கையா இருக்கும்னு அம்மா சொல்லுவாங்க. துண்டு ஒரே வாய்ல போற சைஸ்ல இருக்கணும். பெருசும் சின்னதுமா வெட்டினா ஒண்ணு வேகறதுக்குள்ள இன்னொண்ணு தீஞ்சுடும். இப்ப டிஷ்யூ வச்சு நல்லா ஒத்தி எடுக்கறேன் பாருங்க, ஈரமே இருக்கக் கூடாது. ஈரம் இருந்தா மொறுமொறுப்பு வராது. உப்பு, மிளகு, பூண்டுப் பொடி, கொஞ்சம் மிளகாய்த் தூள், ஒரு ஸ்பூன் கார்ன் ஃப்ளோர், ஒரு ஸ்பூன் எண்ணெய். அவ்வளவுதான். பிசிறி விட்டா வேல முடிஞ்சுது. சாஸ் இப்ப கிடையாது. அது ஒரு பெரிய கத, சொல்றேன் இருங்க.

இந்த ஏர் ஃப்ரையர் இருக்கே, சூட்டுக் காத்துலயே வறுத்துடும், நான்தான் அம்மா பொறந்த நாளுக்கு வாங்கிக் குடுத்தேன். டப்பாவ பிரிச்சுப் பாத்துட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? என்னடி இது, ஹெல்மெட்ட நட்டு வச்ச மாதிரி இருக்குன்னாங்க. அடுப்பு இருக்கும்போது இது எதுக்குன்னாங்க. அதோட விட்டாங்களா? மறுநாளே மிச்சத் துணியில இதுக்கு ஒரு உறை தச்சு மாட்டிட்டாங்க. சுத்தி ஃப்ரில் வேற வச்சு. ஏழு மாசம் சார்! ஏழு மாசம் இது பாவாட கட்டிக்கிட்டு அந்த மூலையில நின்னுச்சு. மேல காய்கறிக் கூடை.

அப்புறம் ஒரு நாள் காலையில நான் வேலைக்குக் கிளம்பறேன், பல்லு வெளக்கிக்கிட்டே அம்மா கேக்கறாங்க, ஏண்டி, அதுல சிக்கன் நல்லா வருமாமேன்னு. எனக்கு ஒண்ணும் புரியல. எங்க அம்மா புதுசா ஒண்ணக் கத்துக்கணும்னு கேட்டு நான் பாத்ததே இல்ல. செல்ஃபோன்ல பச்ச பட்டன், செவப்பு பட்டன் தவிர வேற தொட மாட்டாங்க. யாரு சொன்னான்னு கேட்டேன். கடைப் பக்கம் யாரோ பேசிக்கிட்டாங்கன்னாங்க. யாரோ!

முதல் தடவ பண்ணினது இன்னும் எனக்குக் கண்ணுக்குள்ளயே நிக்குது. பார்பெக்யூ சாஸ் பாட்டில் முழுசையும் சிக்கன்ல கொட்டி, நல்லா ஊறட்டும்னு ஊற வச்சு, அப்படியே உள்ள தள்ளிட்டாங்க. அதுல சக்கரை இருக்குல்ல? பத்து நிமிஷத்துல ஒரே பொகை. மேல் வீட்டு டிரைவர் அண்ணன் பக்கெட்ல தண்ணியோட ஓடி வந்துட்டாரு. வெளிய எடுத்தா கரி. உள்ள பச்ச. அம்மா முகத்தப் பாக்கணுமே.

ரெண்டாவது தடவ சாஸ் போடல, ஆனா இருக்கறதெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிட்டாங்க. வறுபடறதுக்கு பதிலா வெந்து போச்சு. ஆஸ்பத்திரி சாப்பாடு மாதிரி வெளுத்துப் போய் இருந்துச்சு. மூணாவது தடவதான் பிடிபட்டுச்சு. ஒரு அடுக்குதான் வைக்கணும், துண்டுக்குத் துண்டு இடம் விடணும். எரநூறு டிகிரி, எட்டு நிமிஷம், நடுவுல ஒரு தடவ கூடைய இழுத்துக் குலுக்கி விடணும். சாஸ் கடைசியில. இப்ப நான் வச்சிருக்கேன் பாருங்க, அப்படி. சத்தம் கேக்குதா? அது பாட்டுக்கு ஓடட்டும்.

விஷயம் என்னன்னா சார், அந்த மூணாவது தடவயிலேர்ந்து வாரத்துக்கு ரெண்டு நாள் சிக்கன். செவ்வாய், வெள்ளி. காலையில ரெண்டு டப்பா கட்டுவாங்க. எதுக்கும்மா ரெண்டுன்னா, கடையில எல்லாரும் சேந்து சாப்பிடுவோம்டின்னாங்க. நான் யோசிச்சுப் பாத்தேன். அம்மா கடையில எல்லாரும்னா யாரு? அம்மா, தையல் மெஷின், அப்புறம் அந்தத் தலையில்லாத பொம்மை. தலையே இல்லாததுக்கு டப்பா எதுக்கு சார்?

சிரிக்கறீங்க. அப்பாடா. சிரிப்பீங்களோ மாட்டீங்களோன்னு இருந்துச்சு.

நான் அப்ப கண்டுக்கல. உண்மையச் சொன்னா கவனிக்கவே இல்ல. எனக்கும் ஒரு டப்பா கிடைச்சுது, போதும்னு இருந்துட்டேன். அம்மா காலையில பாட்ட முணுமுணுத்துக்கிட்டே வேல பாத்தாங்க. பழைய மூக்குக் கண்ணாடியத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கினாங்க. பத்து வருஷமா நான் கெஞ்சி நடக்காதது அது. ஒரு நாள் குழம்புல உப்புப் போட மறந்துட்டு, நான் சொன்னதும் விழுந்து விழுந்து சிரிக்கறாங்க. நான் பாட்டுக்கு, புதுக் கண்ணாடி போட்டதால நல்லாருக்காங்கன்னு நெனச்சேன். தோலத் தாண்டி உள்ள என்ன இருக்குன்னு பாக்கற வேலைதான், ஆனா நமக்குப் படத்த மாட்டி வெளிச்சம் போட்டாத்தான் தெரியும்.

அப்புறம் திடீர்னு நின்னு போச்சு. இன்னைக்கோட அஞ்சு வாரம். செவ்வாக்கெழம சிக்கன் இல்ல, வெள்ளிக்கெழமயும் இல்ல. என்னம்மான்னா, அலுத்துப் போச்சுடின்னாங்க. மறுநாள் பாத்தா இதுக்கு மறுபடியும் பாவாட மாட்டியாச்சு.

எனக்கு உறைக்கவே நாலு வாரம் ஆச்சு. போன வாரம் நேரா அம்மா கடை இருக்கற உங்க காம்ப்ளெக்ஸுக்கு வந்தேன். நீங்க என்னப் பாத்திருக்க மாட்டீங்க, கண்ணுல அந்தக் குழாய் மாதிரி கண்ணாடிய மாட்டிக்கிட்டு எதையோ நோண்டிக்கிட்டிருந்தீங்க. ஜூஸ் கடை அக்காகிட்ட ஒரு சாத்துக்குடி சொல்லிட்டு, சும்மா, ஒப்புக்கு, எங்க அம்மா நல்லாருக்காங்களான்னு கேட்டேன். அவ்வளவுதான். அக்கா மடை திறந்த மாதிரி கொட்டிட்டாங்க. ரெண்டு பேர் கடையும் எதிரும் புதிருமா இருக்கறது, மத்தியானம் ஒரு மணிக்கு நீங்க உங்க ஸ்டூலத் தூக்கிக்கிட்டு அம்மா கடை வாசல்ல வந்து உக்கார்றது, அம்மா டப்பாவ நீட்டறது. உங்களுக்குக் காரம் ஆகாதுன்னு மிளகாய்த் தூளக் குறைச்சது. ஏர் ஃப்ரையர்ல சிக்கன் நல்லா வரும்னு சொன்ன அந்த யாரோ, நீங்கதானாம்.

எழுந்துக்காதீங்க சார். இன்னும் மூணு நிமிஷம் இருக்கு. தயவுசெஞ்சு உக்காருங்க. நான் சண்ட போடறதுக்குக் கூப்பிடல. கடிகாரத்துக்கு ஒண்ணும் ஆகல, பேட்டரிய நான்தான் திருப்பிப் போட்டேன். அதப் பாத்ததுமே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சும் உக்காந்திருக்கீங்கல்ல? அப்ப இன்னும் கொஞ்சம் உக்காருங்க.

அக்கா மீதியையும் சொன்னாங்க. அஞ்சு வாரம் முன்னாடி நீங்க அம்மாகிட்ட ஏதோ கேட்டீங்க, அம்மா இது சரிப்படாதுங்கன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க, அன்னைக்கு டப்பா திறக்காமயே திரும்பி வந்துச்சு. மறுநாளேர்ந்து நீங்க ஸ்டூல சுவத்துப் பக்கம் திருப்பிப் போட்டுக்கிட்டீங்க. அம்மா கடையில பாதிக்குத் திரை தொங்குது. ரெண்டு கடைக்கும் நடுவுல வழி அஞ்சடி அகலம். அதுல ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்காம இருக்கறதுக்கு என்ன பாடு படறீங்கன்னு நடிச்சே காட்டினாங்க அக்கா.

ஒண்ணு சொல்லட்டுமா? இன்னைக்கு நீங்க மத்தியானமே கடைய மூடிட்டு வந்துட்டீங்கல்ல, உடம்பு கிடம்பு சரியில்லயான்னு அம்மா இதுவரைக்கும் மூணு தடவ அக்காகிட்ட கேட்டாச்சாம். இப்பதான் மெசேஜ் வந்துச்சு. திரைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து எப்படித்தான் தெரியுதோ.

இருங்க, பெல் அடிச்சுடுச்சு. பாருங்க, ஓரமெல்லாம் நல்லா செவந்திருக்கு. பெருசா ஒரு துண்ட வெட்டிப் பாக்கறேன்... உள்ள வெள்ளையா இருக்கு, நீர் தெளிவா வருது, வெந்துடுச்சு. இப்பதான் சாஸ். கிண்ணத்துல போட்டு, சாஸ் ஊத்தி, அரை மூடி எலுமிச்ச பிழிஞ்சு, குலுக்கு குலுக்குன்னு குலுக்கணும். எலுமிச்ச அம்மாவோட கண்டுபிடிப்பு, சாஸோட திகட்டல வெட்டிடும். மறுபடி உள்ள ரெண்டு நிமிஷம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் விட்டாலும் டிரைவர் அண்ணன் பக்கெட்டோட வந்துடுவாரு.

உங்கள என்னன்னு கூப்பிடறதுன்னுதான் எனக்கு ஒரு வாரமா குழப்பம். சார்னா பள்ளிக்கூடத்து வாத்தியாரக் கூப்பிடற மாதிரி இருக்கு. வேற எதுவும் இப்ப வாய்ல வரல. அது பாட்டுக்கு வரும்போது வரட்டும்.

ம், எடுத்துக்கோங்க. சூடு, பாத்து. நீங்க என்ன, சின்ன ஸ்க்ரூ எடுக்கற மாதிரி ரெண்டு விரல்ல எடுக்கறீங்க! எப்படி இருக்கு? நெஜமா? அம்மா கைல வர்றது வராது, தெரியும். எனக்கு அவசரம், அவங்களுக்குப் பொறுமை. இன்னொண்ணு எடுங்க. தட்டு காலியாகற வரைக்கும் விட மாட்டேன்.

சரிப்படாதுன்னு சொன்னாங்களே, ஏன்னு காரணம் சொன்னாங்களா? சொல்லியிருக்க மாட்டாங்க. நீங்களும் கேட்டிருக்க மாட்டீங்க. உங்க மேல ஏதோ குறைன்னு நெனச்சுக்கிட்டு ஸ்டூலத் திருப்பிப் போட்டிருப்பீங்க.

உங்க மேல ஒண்ணும் இல்ல சார். எனக்குப் பன்னெண்டு வயசு அப்ப. அப்பா போய் ரெண்டு வருஷம். பெரியம்மா ஒருத்தரப் பத்திப் பேச வந்தாங்க, நல்ல மனுஷன்னுதான் சொன்னாங்க. நான் அதோ அந்த ரூம்லதான், கதவச் சாத்திக்கிட்டு ரெண்டு நாள் சாப்பிடல. மூணாம் நாள் அம்மா கதவுக்கு வெளிய உக்காந்து, உனக்கு என்னதாண்டி வேணும்னு கேட்டாங்க. இனிமே எப்பவும் யாரையும் கட்டிக்க மாட்டேன்னு என் மேல சத்தியம் பண்ணுன்னேன். பண்ணினாங்க. நான் எழுந்து வந்து நாலு தோச தின்னேன். அடுத்த வாரம் எனக்கு மறந்தே போச்சு. மறந்து போய், படிச்சு, வேலைக்குப் போய், பதினாலு வருஷம் ஜாலியா இருந்துட்டேன்.

போன ஞாயித்துக்கெழம துணி மடிச்சுக்கிட்டு இருக்கும்போது கேட்டேன், அவர ஏம்மா வேணாம்னு சொன்னன்னு. எந்த அவருன்னு கூட கேக்கல. நீ சின்னதுல கேட்ட எதையுமே என்னால குடுக்க முடியலடி, அது ஒண்ணுதான் என்னால முடிஞ்சுதுன்னாங்க. சொல்லிட்டு தலகாணி உறைய மடிச்சாங்க. பிரிச்சாங்க. மறுபடி மடிச்சாங்க.

அந்த சத்தியத்த நான் வாபஸ் வாங்கிட்டேன் சார். அங்கயே, அப்பவே. அழுதுட்டு, சிரிச்சுட்டு, போடி, இனிமே அவர் முன்னாடி எந்த முகத்தோட போய் நிப்பேன்னாங்க. அவங்களாப் போய் நிக்க மாட்டாங்க. அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டேன். இன்னொரு தடவ கேளுங்க.

அதோ, படியில செருப்புச் சத்தம். சீக்கிரமே கிளம்பிட்டாங்க போல. நான் பால் வாங்கிட்டு வர்றேன்னு அப்படியே கீழ இறங்கிடறேன். ஃப்ரிட்ஜ்ல ரெண்டு பாக்கெட் இருக்கு, அத மட்டும் சொல்லிடாதீங்க.