அறிவிப்பாளர் அறிவிக்காமல் விட்ட பெயர்

மேடையில் வீற்றிருக்கும் போதகர் ஐயா அவர்களே, பேருந்து நிலைய மேலாளர் அவர்களே, முன்வரிசையிலிருந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் என் தங்கையே, மறைந்த அவள் கணவருக்காகத் தலைக்கு இரண்டு பேருந்துகளைத் தவறவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

"அண்ணா, சுருக்கமா பேசு. அழ வந்தவங்க தூங்கிடப் போறாங்க" என்பது தங்கையின் உத்தரவு. சுருக்கமாகவே பேசுகிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இறங்க மாட்டேன். நான் செய்த தப்பு ஒன்றை என் மாப்பிள்ளை பதினோரு ஆண்டுகள் தன் தப்பாகச் சுமந்தார். அதை இன்று நான் வாங்கிக்கொள்ள வேண்டும். நடுவில் வேடிக்கை பேசி நழுவப் பார்ப்பேன். அது எனக்குக் கைவந்த கலை. அப்படி நழுவினால் யாராவது சட்டையைப் பிடித்து இழுங்கள்.

பேருந்து நிலைய அறிவிப்பாளரான நம் மாப்பிள்ளையின் குரல் என்ன குரல்! அவர் பணியில் சேர்ந்த அன்று நிலையத்துக் கூரையிலிருந்த புறாக்கள் குடும்பத்தோடு ஊர் மாறின. "ஏழாம் எண் பேருந்து புறப்படுகிறது" என்று இங்கே அவர் சொன்னால், பக்கத்து ஊரில் டீ குடித்துக்கொண்டிருக்கும் ஏழாம் எண் ஓட்டுநரும் பதறி எழுந்து வண்டியை எடுப்பார்! நேரக்காப்பாளனாக அடுத்த அறையில் இருபத்தெட்டு ஆண்டுகள் உட்கார்ந்தவன் நான். என் இடது காது இதற்குச் சாட்சி. வலது காதுக்கு அவ்வளவாக விவரம் தெரியாது.

வெள்ளிக்கிழமை மாலைகள் நினைவிருக்கிறதா? சைக்கிள் கடை மாடியில் ஜெபக்கூட்டம். பன்னிரண்டு மடக்கு நாற்காலிகள், அதில் ஒன்று நொண்டி. கீழேயிருந்து பஞ்சர் பசையின் வாசம். மாப்பிள்ளை ஜெபிக்க எழுந்தால் குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களாகிவிடுவார்கள். ஒருமுறை பழக்க தோஷத்தில், "ஆண்டவரே, உம்முடைய கனிவான கவனத்திற்கு" என்றே தொடங்கிவிட்டார்! போதகர் ஐயா, அன்று நீங்கள் இருமினீர்களே, அது இருமலா? எப்பேர்ப்பட்ட வெள்ளிக்கிழமைகள் அவை!

சரி, சரி. சட்டையை இழுக்கிறார்கள். விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த மாடியில் தையல்காரம்மாவும் எங்களோடு ஜெபித்தார். கணவர், மரச்சாமான் பாலிஷ்காரர், வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவந்தார். ஒரு மதியம் என் அறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். கடைசி நடைமேடை பெஞ்சில் பாலிஷ்காரர் குடித்துவிட்டு உருண்டு கிடக்க, அந்த அம்மா அவர் முகத்தில் தண்ணீர் தெளித்துத் தூக்கிக்கொண்டிருந்தார். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது. பார்த்தவன் இறங்கிப் போய் ஒரு கை கொடுத்தேனா? இல்லை! மாப்பிள்ளையின் காதில் போட்டேன். "மாப்ளே, ஜெபக் குறிப்புல சேத்துக்கோங்க" என்றேன். வம்புக்கு ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுவிட்டால் அதன் பெயர் ஜெபக் குறிப்பு!

அந்த வெள்ளிக்கிழமை அவர் கண்ணை மூடி, கையை உயர்த்தி, பெஞ்சு முதல் தண்ணீர் வரை ஆண்டவருக்கு அறிவித்தார். தெரு முழுக்கக் கேட்டது. கண்ணைத் திறந்தபோது தையல்காரம்மாவின் நாற்காலி காலியாக இருந்தது.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனார். துணைக்கு நானும் போனேன். அந்த அம்மா கதவைப் பாதி திறந்து ஒரே கேள்வி கேட்டார்: "யாரு சொன்னது உங்ககிட்ட?"

"என் வாய்ல வந்துச்சும்மா. தப்பு என்னோடது. வேற யாரையும் தேடாதீங்க."

நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அந்த வீட்டுக் கால்மிதியில் எத்தனை கோடுகள் என்று இன்றும் சொல்வேன்.

"இனிமே எனக்காக ஜெபிக்காதீங்க" என்று கதவைச் சாத்தினார்.

திரும்பும் வழியில் மாப்பிள்ளை சொன்னார்: "மச்சான், ஆண்டவர் கேக்கணும்னு ஜெபிக்கலை. என் குரலை நானே கேட்டு ரசிச்சிட்டிருந்திருக்கேன்." என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று மட்டுமல்ல, பதினோரு ஆண்டுகளும் சொல்லவில்லை! ஒருமுறை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேனே, பாவி மனிதர்!

அதன்பின் அவருடைய ஜெபம் கூட்டத்தில் நான்கே வரிதான். மீதியைக் காலால் ஜெபித்தார். பாலிஷ்காரருக்கு மரப்பட்டறையில் வேலை கிடைத்தது. தினமும் மாலை ஆறு மணிக்கு மாப்பிள்ளை அந்த வாசலில் நிற்பார். நேர் வழியில் மதுக்கடை இருக்கிறது. அதனால் இருவரும் சுற்று வழியில் நடப்பார்கள்.

"நான் என்ன சார், தொலைஞ்சு போற குழந்தையா?"

"எனக்கும் இந்த வழிதான் தம்பி."

அவர் வீடு நேர் எதிர்த் திசையில்! ஆனாலும் அதைப் பொய் என்று யாரும் சொல்லாதீர்கள். அன்றிலிருந்து அவர் வழி அதுவாகிவிட்டது. பாலிஷ்காரர் இரண்டு முறை மறுபடி விழுந்தார். இரண்டு முறையும் மறுநாள் ஆறு மணிக்கு மாப்பிள்ளை வாசலில் நின்றார். இதைவிடப் பெரிய பிரசங்கம் யாராவது கேட்டிருக்கிறீர்களா?

நேற்று நான் தையல்காரம்மாவின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மேடையில் சொல்லலாமா என்று இருவரிடமும் கேட்டேன். பாலிஷ்காரர் தலையசைத்தார். அந்த அம்மா தையல் துணியிலிருந்து நிமிராமல் சொன்னார்: "எங்க வீட்டுக் கதைய இன்னும் எத்தனை தடவைதான் ஊருக்குச் சொல்லுவீங்க? சரி, சொல்லுங்க. இந்தத் தடவை யாரு சொன்னாங்கறதையும் சேத்துச் சொல்லுங்க. மன்னிக்கறதைப் பத்தி அப்புறம் பாக்கலாம்."

சொல்லிவிட்டேன் அம்மா. சொன்னவன் நான். என் தங்கை கணவர்மேல் எந்தப் பழியும் இல்லை. நீங்கள் இப்போது நிமிர்ந்து பார்க்க வேண்டாம். அவசரமில்லை.

அவர் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்று இந்த மேடையில் எல்லோரும் உறுதி எடுத்தார்கள். என் உறுதி சின்னது. பாலிஷ்காரரிடம், "இனி நான் வரட்டுமா?" என்று கேட்டேன். "வாங்கண்ணே. ஆனா அவரு வழியில பேசவே மாட்டாரு" என்றார். என்னைப் பார்த்து இப்படி ஒரு நிபந்தனையா! ஒப்புக்கொண்டேன்.

மணி ஆறாகப் போகிறது. தம்பி, எழுந்திருங்கள். சுற்று வழியாகவே போவோம். இதோ, வாயை மூடிவிட்டேன்.